வெரோனாவுல தங்கி ஒரு நாள் பயணம்: எந்த ஊரு, எந்த ரயிலு, அம்மா முட்டி தாங்குமா

நீங்க கேட்டத முதல்ல என் வார்த்தையில ஒரு தடவ சொல்லிக்கிறேன், நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு நீங்களே பாத்துக்கலாம். ஜூலை முதல் வாரம், இத்தாலில வெரோனாவுல அஞ்சு ராத்திரி, அதாவது முழுசா நாலு நாள். நீங்க, மனைவி, பத்து வயசு பையன், அப்புறம் முட்டி வலி இருக்கிற, முட்டை கூட தொடாத அம்மா. ரெண்டாவது முழு நாள் ராத்திரி, அரீனாங்கிற பழைய ரோமானிய திறந்தவெளி அரங்கத்துல ஓபரா டிக்கெட் ஏற்கனவே வாங்கியாச்சு. வெனிஸ், மிலன், கோமோ ஏரி, டோலமைட்ஸ் மலை, பிளாரன்ஸ், பிசா, இந்த ஆறுல எந்த நாலு, கார் எடுக்கிறதா ரயிலா, இதான் நீங்க எழுதினது. ஆனா நீங்க உண்மையில கேக்கிறது ஊர் பேர் இல்லன்னு எனக்கு தோணுது. காலைல கிளம்பி ராத்திரி சாப்பாட்டுக்கு திரும்பி வர்றதுக்குள்ள, அம்மா மூஞ்சி சுருங்காம, பையன் போன்ல மூழ்காம, ஒரு நாள்ல எவ்ளோ தாங்கும்ங்கிறதுதான் கேள்வி. அதுக்குதான் பதில் சொல்றேன்.

நான் இந்த பக்கத்துல பல வருஷமா வேலை பாத்துட்டு இருக்கேன், ஊர்லேந்து வர்ற சொந்தக்காரங்க, அவங்களுக்கு தெரிஞ்சவங்க, அப்படின்னு குடும்பம் குடும்பமா கூட்டிட்டு சுத்துறது எனக்கு ஒரு பகுதி நேர வேலை மாதிரியே ஆயிடுச்சு. அதுல நான் புடிச்சிக்கிட்ட கணக்கு ஒண்ணே ஒண்ணுதான். ரயில் எவ்ளோ நேரம்னு பாக்காதீங்க, ஹோட்டல் கதவுலேந்து அந்த ஊர்ல முதல்ல பாக்கப்போற இடத்து கதவு வரைக்கும் எவ்ளோ நேரம்னு பாருங்க. வெரோனா போர்த்தா நுவோவா ஸ்டேஷன் ஊருக்கு நடுவுல இல்ல, அரீனா இருக்கிற பியாட்சா பிராலேந்து நடந்தா இருபது நிமிஷம், அம்மாவோட பஸ்ல போனாலும் அதே நேரம்தான் ஆகும். குடும்பமா கிளம்புறப்ப ரயிலுக்கு கால் மணி நேரம் முன்னாடி ஸ்டேஷன்ல இருக்கணும். ஆக ரயில் ஒரு மணி நேரம்னா உங்க கணக்குல ரெண்டு மணி நேரம். போக ரெண்டு, வர ரெண்டு. ஜூலைல வெரோனா இருக்கிற இந்த போ நதி சமவெளி முப்பத்தி மூணு முப்பத்தி நாலு டிகிரி சாதாரணமா போகும், காத்தே இருக்காது, மதியம் ஒண்ணரைலேந்து நாலு வரைக்கும் வெளிய நடக்கிறது வயசானவங்களுக்கு தண்டனை. அத கழிச்சா ஒரு நாளைக்கு உருப்படியா கைல கிடைக்கிறது அஞ்சு மணி நேரம், நல்ல நாள்னா ஆறு. இதுக்குள்ள அடங்குற ஊரு எதுவோ அதுக்கு போகணும், பேர் பெருசா இருக்கிற ஊருக்கு இல்ல.

இந்த கணக்க உங்க லிஸ்ட் மேல வெச்சா பாதி தானா உதிர்ந்துடும். பிசா முதல்ல போகும், வேகமான ரயில்ல பிளாரன்ஸ் போகவே ஒன்றரை மணி நேரம், அங்கேந்து பிசா இன்னொரு ஒரு மணி நேரம், ஒரு சாஞ்ச கோபுரத்துக்கு கைய வெச்சு போட்டோ எடுக்க அம்மாவ அஞ்சு மணி நேரம் ரயில்ல உக்கார வெக்காதீங்க. பிளாரன்ஸ் மட்டும்னா நேர் ரயில் இருக்கு, முடியும்தான், ஆனா ஜூலை பிளாரன்ஸ்ல நாலு மணி நேரத்துல வெயிலும் க்யூவும் தவிர வேற எதுவும் ஞாபகம் இருக்காது, அந்த ஊர தனியா மூணு ராத்திரி வெச்சு இன்னொரு தடவ வாங்க. கோமோ ஏரிக்கு மிலன் போய் மாறணும், அதே அழகுக்கு, பரப்புல அத விட பெரிய கார்தா ஏரி உங்களுக்கு பதினஞ்சு இருபது நிமிஷத்துல இருக்கு, இத்தாலியிலயே பெரிய ஏரி அதுதான். மிலன் ஒண்ணேகால் மணி நேரம்தான், ஆனா கதீட்ரல் மாடிய விட்டா மிலன்ல ஒரு நாள்ல பாக்கிறதுக்கு உங்க கூட்டத்துக்கு என்ன இருக்குன்னு எனக்கு தெரியல, டா வின்சியோட கடைசி இராவுணவு ஓவியத்துக்கு டிக்கெட் எல்லாம் ரொம்ப முன்னாடியே தீர்ந்துடும். இது என் ருசி, மிலன்காரங்க கோவிச்சுக்குவாங்க, பரவாயில்ல.

டோலமைட்ஸ் பத்தி மட்டும் கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா இன்ஸ்டாகிராம்ல பாத்துட்டு எல்லாரும் கேக்கிறது இதான். அந்த முள்ளு முள்ளா நிக்கிற சிகரம், பச்சை ஏரி எல்லாம் வெரோனாலேந்து போய் ராத்திரி திரும்புற தூரத்துல இல்ல, கார் இருந்தாலும் நாள் பூரா வளைவு வளைவா ஓட்டிட்டே இருப்பீங்க, பையன் வாந்தி எடுப்பான். மலைய கண்ணால பாத்தா போதும்னா ஒரு வழி இருக்கு. பிரென்னர் கணவாய் பக்கம் போற ரயில்ல போல்சானோ வரைக்கும் போங்க, ஒன்றரைலேந்து ரெண்டு மணி நேரம். ஸ்டேஷன்லேந்து கொஞ்ச தூரத்துலயே ரெனோன் மேட்டுக்கு ரோப் கார் கிளம்புது, பன்னெண்டு நிமிஷத்துல மேல கொண்டு விடும், அங்கேந்து டோலமைட்ஸ் வரிசையா தெரியும், குளுகுளுன்னு இருக்கும். கீழ இறங்கினா 1991ல பனிக்குள்ள கிடைச்ச அஞ்சாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தின மனுஷன் ஓட்சியோட உடம்பு மியூசியத்துல இருக்கு, பையனுக்கு கனவுல வரும். நாள் நீளம்தான், அம்மாவுக்கு அன்னிக்கு தெம்பு இருந்தா மட்டும்.

வெரோனாவோட பலமே அது ரெண்டு பெரிய ரயில் பாதை வெட்டிக்கிற இடத்துல இருக்கிறதுதான். கிழக்கு மேற்கா மிலன் டு வெனிஸ், வடக்கு தெற்கா பிரென்னர் டு போலோன்யா, இது போக மாந்துவாவுக்கு ஒரு சின்ன கிளை. ரயில் ரெண்டு ரகம். ஃப்ரேச்சா ரோஸ்ஸா, இத்தாலோ மாதிரி வேகமான வண்டிக்கு விமான டிக்கெட் மாதிரி விலை ஏறும், முன்னாடியே வாங்கினா மலிவு, சீட் நம்பர் உண்டு. ரெஜியோனாலே எனப்படுற உள்ளூர் வண்டிக்கு விலை எப்பவும் ஒண்ணுதான், அன்னிக்கு ஸ்டேஷன்ல வாங்கினாலும் அதே காசு, சீட் நம்பர் கிடையாது. நான் சொல்லப்போற ஊருக்கெல்லாம் ரெஜியோனாலே போதும், அதுலயும் ரெஜியோனாலே வெலோச்சே வந்தா அத புடிங்க, நிறுத்தம் கம்மி. பேப்பர் டிக்கெட் வாங்கினா ஏறுறதுக்கு முன்னாடி பிளாட்பாரத்துல இருக்கிற சின்ன மிஷின்ல சொருகி முத்திரை குத்தணும், போன்ல வாங்கினா ஆப்லயே செக் இன் அமுக்கணும், இத மறந்து அபராதம் கட்டின நம்மாளுங்கள நிறைய பாத்திருக்கேன், டிக்கெட் கையில இருக்கேன்னு வாதாடினா நடக்காது. புது ரெஜியோனாலே பெட்டி எல்லாம் தாழ்வான படி, அம்மாவுக்கு சுலபம், ஆனா பழைய வண்டி வந்து நின்னா படி செங்குத்தா இருக்கும், எது வரும்னு முன்கூட்டி உறுதியா சொல்ல முடியாது. ஏற இறங்க உதவி வேணும்னா சாலா ப்ளூன்னு ஒரு சேவை பெரிய ஸ்டேஷன்கள்ல இருக்கு, முன்னாடியே சொல்லி வெச்சா ஆள் வந்து ஏத்தி விடுவாங்க. நான் கூட்டிட்டு போனவங்க யாருக்கும் அது தேவைப்படல, அதனால சேவை எப்படின்னு என் அனுபவத்துல எதுவும் சொல்ல முடியாது.

வேலை நிறுத்தம் இங்க சாதாரணம், வெள்ளிக்கிழமைகள்ல அதிகம். நல்ல விஷயம், தேதி முன்னாடியே அறிவிச்சுடுவாங்க, அதோட வேலை நாள்ல காலை 6லேந்து 9 வரைக்கும், சாயங்காலம் 6லேந்து 9 வரைக்கும் குறிப்பிட்ட உள்ளூர் ரயில்கள் கட்டாயம் ஓடணும்னு விதி. அதனால ஸ்ட்ரைக் நாள்னாலும் அந்த ரெண்டு ஜன்னலுக்குள்ள போய்ட்டு வர்ற மாதிரி பக்கத்து ஊர வெச்சுக்கிட்டா தப்பிச்சுக்கலாம். தூர ஊருக்கு அன்னிக்கு போகாதீங்க.

கார் பத்தி நேரா சொல்றேன், வேணாம். இத்தாலி பழைய ஊர் அநேகமா ஒவ்வொண்ணுலயும் நடுப்பகுதி இசட் டி எல், அதாவது அனுமதி இல்லாத வண்டி உள்ள போகக்கூடாத பகுதி, வாசல்ல கேமரா இருக்கும், யாரும் நிறுத்த மாட்டாங்க, நீங்க ஊருக்கு போய் பொங்கல் வெச்சிட்டு இருக்கிறப்ப அபராத நோட்டீஸ் வரும், வாடகை கம்பெனி வேற அவன் பங்குக்கு ஒரு கட்டணம் எடுத்திருப்பான். வெரோனாவுலயும் உண்டு, மாந்துவா, பதுவைலயும் உண்டு. இந்திய லைசென்ஸ்னா சர்வதேச பர்மிட்டும் சேத்து வேணும். பார்க்கிங் கிடைக்கிறது ஊருக்கு வெளிய, அங்கேந்து அம்மா நடக்கணும், அப்ப கார் எதுக்கு. கார் உபயோகப்படுற ஒரே திசை வல்போலிசெல்லா திராட்சை தோட்டம் பக்கம், அது உங்க லிஸ்ட்லயே இல்ல.

சரி, எங்க போலாம். என் முதல் ஓட்டு பதுவைக்கு. ஆமா, கோடி அற்புதர் அந்தோணியாரோட அதே பதுவைதான், கச்சத்தீவுலயும் உவரிலயும் கொழும்பு கொச்சிக்கடைலயும் நாம பாக்கிற அந்தோணியார் அடக்கமாயிருக்கிற கோயில் இங்கதான் இருக்கு. பொறந்தது லிஸ்பன்ல, 1231ல செத்தது பதுவைல. நீங்க எந்த மதமோ எனக்கு தெரியாது, ஆனா நான் கூட்டிட்டு போன இந்து அம்மாக்கள் அத்தன பேரும் இந்த ஊர்ல தான் அதிக நேரம் உக்காந்தாங்க. கல்லறை பின்பக்கம் ஒரு கல்லுல கைய வெச்சு கண்ண மூடி நிப்பாங்க, வரிசை அமைதியா நகரும், உள்ள காசு கிடையாது, தோளும் முட்டியும் மூடின டிரெஸ் வேணும். அவரோட நாக்கு தனியா ஒரு பேழைல இருக்கு, பையன் கேள்வி கேட்டே கொன்னுடுவான். வெளிய குதிரை மேல உக்காந்திருக்கிற வெண்கல சிலை சிற்பி தொனாத்தெல்லோ செஞ்சது, திரும்பி ஒரு நிமிஷம் பாருங்க. ரயில்வே ஸ்டேஷன்லேந்து கோயில் ரெண்டு கிலோமீட்டர் இருக்கும், ஆனா ஸ்டேஷன் வாசல்லயே டிராம் வருது, ஒத்த தண்டவாளத்துல ரப்பர் டயர்ல ஓடுற வினோதமான டிராம், கோயில்கிட்டயே ஸ்டாப் இருக்கு. அம்மா முட்டிக்கு இந்த டிராம்தான் காரணம் நான் பதுவைய முதல்ல வெக்கிறதுக்கு.

பதுவைல இன்னொண்ணு ஸ்க்ரோவெஞ்ஞி சாப்பல், ஒரு சின்ன கோயில். ஓவியர் ஜோத்தோ 1305 வாக்குல முடிச்ச ஓவியம் சுவர் பூரா, மேல கூரை முழுக்க நீலம், அதுல தங்க நட்சத்திரம். கட்டினது என்ரிகோ ஸ்க்ரோவெஞ்ஞின்னு ஒரு பணக்காரர், இவரு அப்பா பெரிய வட்டிக்காரர், அந்த பாவத்த கழுவத்தான் மகன் கோயில் கட்டினான்னு எல்லா கைடும் சொல்லுவாங்க. கட்டினது யாருன்னு உறுதி, அப்பா தொழிலும் உறுதி, ஆனா பாவத்துக்காகவா இல்ல பணக்காரன் தன் பெருமைக்காகவாங்கிறதுல ஆராய்ச்சியாளர்களுக்குள்ளயே ஒத்து வராது, ரெண்டும்னுதான் எனக்கு படுது. இங்க போற முறை கொஞ்சம் விசித்திரம். முன்பதிவு இல்லாம போனா நடக்காதுன்னே வெச்சுக்கோங்க. கொஞ்ச பேரா பிரிச்சு ஒரு கண்ணாடி அறைக்குள்ள பதினஞ்சு நிமிஷம் உக்கார வெப்பாங்க, நம்ம உடம்பு ஈரமும் தூசியும் உள்ள போகாம இருக்க, அங்க ஒரு வீடியோ ஓடும், அப்புறம் உள்ள பதினஞ்சு நிமிஷம், அவ்ளோதான், மணி அடிச்ச மாதிரி வெளிய அனுப்பிடுவாங்க. பதினஞ்சு நிமிஷம் கம்மின்னு தோணும். அதனால போறதுக்கு முதல் நாளே போன்ல படங்கள ஒரு தடவ பாத்துட்டு போங்க, உள்ள போனதும் எங்க திரும்பி பாக்கணும்னு தெரியும். நேரம் மதியம் ரெண்டு மணி ஸ்லாட்டா பாத்து போடுங்க, வெயில் உச்சில குளிர்ச்சியான இடத்துல இருப்பீங்க. ரெண்டுக்கும் நடுவுல நேரம் இருந்தா தாவரவியல் தோட்டம், 1545ல ஆரம்பிச்சது, பல்கலைக்கழகத்தோடது, மூலிகை படிக்கிற பசங்களுக்காக போட்டது, 1585ல நட்ட ஒரு பனை வகை மரம் இன்னும் உயிரோட நிக்குது. கலிலியோ பாடம் எடுத்த பல்கலைக்கழகமும் இதே ஊர்தான், உள்ள போக நேரம் குறிச்ச டூர் எடுக்கணும், உங்களுக்கு அது வேணாம், நாள் நிரம்பிடும்.

ரெண்டாவது ஓட்டு மாந்துவா. வெரோனாலேந்து தெற்க சின்ன ரயில்ல முக்கா மணி நேரம், கூட்டம் இல்லாத ஊர், மூணு பக்கமும் ஏரி. அந்த ஏரி இயற்கை இல்ல, பன்னெண்டாம் நூற்றாண்டுல மின்சியோ நதிய தடுத்து ஊருக்கு காவலா பண்ணினது. ஜூலைல போறீங்கங்கிறதால சொல்றேன், மேல் ஏரி பூரா தாமரை பூத்து கிடக்கும். நம்ம ஊர் குளத்து தாமரையேதான், 1921ல யாரோ ஆசியாலேந்து கொண்டு வந்து விட்டது பரவி பரவி இப்ப படகு போக வழி வேணும்னு வருஷா வருஷம் வெட்டி விடுறாங்க. படகுல ஒரு மணி நேரம் சுத்தி காட்டுவாங்க, அம்மா நடக்க வேண்டாம், உக்காந்தே பாக்கலாம், ஐரோப்பா டூர்ல தாமரை பாப்போம்னு அவங்க நெனச்சே இருக்க மாட்டாங்க.

மாந்துவா அரண்மனைல ஓவியர் மாந்தேஞா 1465லேந்து 1474க்குள்ள வரைஞ்ச ஒரு சின்ன அறை இருக்கு, கமேரா தெல்யி ஸ்போசி. கூரைய அண்ணாந்து பாத்தா ஓட்டை போட்டு வானம் தெரியிற மாதிரி வரைஞ்சிருப்பாரு, அதுலேந்து குட்டி பசங்களும் பொண்ணுங்களும் எட்டி நம்மள பாத்து சிரிப்பாங்க, ஒரு பூந்தொட்டி நம்ம தலை மேல விழப்போற மாதிரியே விளிம்புல நிக்கும். ஊருக்கு தெற்க பலாட்சோ தேன்னு இன்னொரு மாளிகை, 1525க்கு அப்புறம் ஜூலியோ ரொமானோ கட்டி வரைஞ்சது, அதுல ராட்சசங்க அறைன்னு ஒண்ணு, சுவரும் கூரையும் ஒட்டுமொத்தமா இடிஞ்சு ராட்சசங்க மேல விழுற மாதிரி. பையனுக்கு நான் கியாரண்டி. ஆனா எச்சரிக்கை ரெண்டு. அரண்மனை திங்கட்கிழமை லீவு. அதவிட முக்கியம், மாந்துவா தெருவெல்லாம் நதிக் கூழாங்கல் பதிச்சது, உருண்டை உருண்டையா, சப்பையா இல்ல, முட்டி வலிக்காரங்களுக்கு ஒவ்வொரு அடியும் தெரியும். மெத்துன்னு அடி உள்ள ஷூ போட சொல்லுங்க, அரண்மனைலேந்து பலாட்சோ தேவுக்கு இருபது நிமிஷ நடை, அத டாக்சில போங்க, கஞ்சத்தனம் பண்ணாதீங்க. அரண்மனையே பெருசு, படி உண்டு, அம்மாவுக்கு முடியலேன்னா ரெண்டுல ஒண்ணு தேர்ந்தெடுக்கணும்னா பலாட்சோ தே, அது தரையோட தரையா இருக்கு.

மூணாவது ஓட்டு கார்தா ஏரி. வெரோனாலேந்து ரெஜியோனாலேல பெஸ்கியேரா பதினஞ்சு இருபது நிமிஷம், தெசென்சானோ அரை மணிக்குள்ள. எல்லாரும் போறது சிர்மியோனே, ஏரிக்குள்ள ஒரு விரல் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற நிலம், நுழைவாசல்லயே தண்ணிக்குள்ள நிக்கிற கோட்டை. ரயில் கிடையாது, தெசென்சானோலேந்து படகுல போங்க, பஸ்ஸும் இருக்கு ஆனா கோடைல ரோடு அடைச்சிடும், படகுதான் சுகம். முனைல ஒரு பிரம்மாண்டமான ரோமானிய மாளிகையோட இடிபாடு இருக்கு, கவிஞர் கத்துல்லஸ் வீடுன்னு பேர் வெச்சிருக்காங்க. கத்துல்லஸ் வெரோனாக்காரர், சிர்மியோனே பத்தி பாடியிருக்காரு, அவ்ளோதான் உறுதி. இந்த வீடு அவருதுங்கிறதுக்கு ஆதாரம் இல்ல, இப்ப நிக்கிற கட்டடம் அவரு காலத்துக்கு பிந்தினதுன்னுதான் அகழாய்வு பண்ணவங்க சொல்றாங்க. கோட்டைலேந்து அது வரைக்கும் ஒரு குட்டி ரயில் வண்டி ஓடும், அம்மாவுக்கு அது. ஞாயிறு போகாதீங்க, வடக்கு இத்தாலி மொத்தமும் அங்க இருக்கும். ஜூலைல சாயங்காலம் திடீர்னு கறுத்து இடி மின்னலோட கொட்டுறது இந்த ஏரில வழக்கம், அதனால படகெல்லாம் காலைல முடிச்சிக்கோங்க. பையன் ரொம்ப அடம் புடிச்சா பெஸ்கியேரா பக்கத்துலயே கார்தாலாண்ட் தீம் பார்க் இருக்கு, ஸ்டேஷன்லேந்து இலவச பஸ் விடுறாங்க, ஒருத்தர் பையனோட அங்க, மத்தவங்க ஏரிக்கரைல, சாயங்காலம் ஒரே ரயில்ல திரும்பலாம். குடும்பம் எப்பவும் ஒட்டிக்கிட்டே சுத்தணும்னு சட்டம் இல்ல.

இதே திசைல யாரும் சொல்லாத ஒரு இடம் சொல்றேன், உங்களுக்கு ஆர்வம் இருந்தா மட்டும். தெசென்சானோலேந்து பத்து பன்னெண்டு கிலோமீட்டர் தெற்க காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரேன்னு ஒரு சின்ன ஊர். மெரினா கடற்கரைல சிலையா நிக்கிறாரே வீரமாமுனிவர், கொன்ஸ்தான்சோ பெஸ்கி, 1680ல அவரு பொறந்த ஊர் இதான். போனா பெரிய நினைவு மண்டபம் இருக்கும்னு எதிர்பாக்காதீங்க. ஊர்க்காரங்க கொண்டாடுறது இங்கயே பொறந்த இன்னொருத்தர, புனித அலோய்சியஸ் கொன்சாகா, அவரோட மண்டை ஓடு கோயில் பீடத்துல இருக்கு. அப்புறம் 1859 ஜூன் 24ல பக்கத்து சொல்ஃபெரினோல நடந்த போர்ல அடிபட்டவங்கள ஆயிரக்கணக்குல இந்த ஊருக்குதான் தூக்கிட்டு வந்தாங்க, வியாபார விஷயமா வந்திருந்த ஆன்ரி துய்னான் இங்க கோயில்ல ஊர் பொம்பளைங்களோட சேந்து காயத்துக்கு கட்டு போட்டாரு, அதுலேந்து வந்ததுதான் செஞ்சிலுவை சங்கம். அதுக்கு ஒரு மியூசியம் இருக்கு, சின்னது, மனச பிசையும். ரயில் இல்ல, பஸ் குறைவு, ஞாயிறு ரொம்ப குறைவு, நாலு பேருக்கு தெசென்சானோலேந்து டாக்சி எடுத்தா ரெண்டு மணி நேரத்துல பாத்துட்டு ஏரிக்கு திரும்பிடலாம். தமிழ் படிச்சவங்க யாராவது வீட்ல இருந்தா கண்டிப்பா போங்க, இல்லேன்னா இத விட்டுட்டாலும் பயணம் கெட்டுப்போகாது.

ஓபரா ராத்திரிய தனியா கணக்குல எடுக்கணும், இத யாரும் யோசிக்கிறதில்ல. அரீனாவுல இருட்டினாதான் ஆரம்பிப்பாங்க, ஒன்பது மணிக்கு மேல, முடிய நள்ளிரவு தாண்டிடும். கல் படிக்கட்டுல டிக்கெட்னா பகல் பூரா வெயில் குடிச்ச கல்லு, ராத்திரி பத்துக்கும் சூடா இருக்கும், முதுகு சாய்க்க எதுவும் இல்ல, வாசல்ல குஷன் கிடைக்கும், வாங்கிக்கோங்க. படி உயரம், ரோமாக்காரன் முட்டி வலிக்காரங்கள நெனச்சு கட்டல. அம்மா டிக்கெட் எந்த பகுதின்னு இப்பவே பாருங்க, மேல் படின்னா முடிஞ்சா கீழ நாற்காலி பகுதிக்கு மாத்துங்க. மறுநாள் தூர பயணம் வெக்காதீங்க. அன்னிக்கு பத்து மணிக்கு எழுந்து, விச்சென்சா போங்க, ரயில் முக்கா மணி நேரத்துக்குள்ள. அங்க பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, தெயாத்ரோ ஒலிம்பிகோங்கிற நாடக அரங்கம், கட்டடக்கலைஞர் பல்லாதியோவோட கடைசி கட்டடம், அவரு 1580ல செத்துட்டாரு, 1585ல திறந்தாங்க. மேடைல மரத்துல செஞ்ச தெருக்கள் இருக்கு, பாத்தா கண்ணுக்கெட்டின தூரம் போகும், உண்மையில சில மீட்டர்தான், தரைய ஏத்தி சுவர சுருக்கி ஏமாத்தியிருப்பாங்க. நானூறு வருஷத்துக்கு மேல ஆன செட்டு இன்னும் அப்படியே நிக்குது. பாத்துட்டு ஜெலாத்தோ ஐஸ்கிரீம் சாப்ட்டு திரும்பிடலாம். அதுவும் வேணாம்னு தோணினா வெரோனாவயே பாருங்க சாமி, தங்குற ஊர பாக்காமலே போறவங்கதான் அதிகம்.

வெனிஸ வேணாம்னு சொன்னா நீங்க கேக்க மாட்டீங்கன்னு தெரியும், நானும் அத சொல்லல. வேகமான ரயில்ல ஒண்ணேகால் மணி நேரம், ஸ்டேஷன விட்டு வெளிய வந்தா எதிர்ல கால்வாய், இப்படி ஒரு ஸ்டேஷன நான் வேற எங்கயும் பாத்ததில்ல. ஆனா அம்மாவோட போறீங்க, பாலம் ஒவ்வொண்ணும் படி. அதனால நடக்காம வாப்பொரெத்தோ படகுல ஒண்ணாம் நம்பர் புடிச்சு பெரிய கால்வாய் முழுக்க உக்காந்தே சான் மார்க்கோ வரைக்கும் போங்க, அதுவே பாதி வெனிஸ். அப்புறம் 2024லேந்து பகல் வந்து போறவங்களுக்கு நுழைவு கட்டணம் வெச்சிருக்காங்க, எல்லா நாளும் இல்ல, ஏப்ரல்லேந்து ஜூலைக்குள்ள குறிப்பிட்ட தேதிகள், பெரும்பாலும் வார கடைசி, காலை எட்டரைலேந்து சாயங்காலம் நாலு வரைக்கும். 2025ல முன்கூட்டி கட்டினா 5 யூரோ, கடைசி நேரத்துல 10, பதினாலு வயசுக்கு கீழ கிடையாது. உங்க வருஷத்து தேதியும் தொகையும் நகராட்சி வெப்சைட்ல பாத்துக்கோங்க, மாத்திக்கிட்டே இருக்காங்க. வாரத்து நடுவுல போனா இந்த தொல்லையும் இருக்காது, கூட்டமும் கொஞ்சம் கம்மி.

சாப்பாடு. இங்க சமையலறை மதியம் பன்னண்டரைக்கு திறந்து ரெண்டரைக்கு மூடிடும், அப்புறம் ராத்திரி ஏழு மணிக்குதான். மூணு மணிக்கு பசிச்சா பார்ல பிரெட்தான் கிடைக்கும், அதனால ஒரு மணிக்கே எங்க இருக்கீங்களோ அங்க உக்காந்துடுங்க. மாந்துவால பூசணிக்காய் உள்ள வெச்ச தொர்தெல்லி பாஸ்தா அந்த ஊர் ஸ்பெஷல், இனிப்பா இருக்கும், கறி கிடையாது, ஆனா மாவுல முட்டை இருக்கும், அம்மா முட்டை தொட மாட்டாங்கன்னா அது ஆகாது. ரிசோத்தோங்கிற அரிசி சாப்பாடு பாக்க சைவமா இருக்கும், பெரும்பாலும் இறைச்சி சாறுல வேகவெப்பாங்க, கேட்டே ஆகணும். பார்மிஜானோ சீஸ்ல கன்னுக்குட்டி வயித்துலேந்து எடுக்கிற ரென்னெட் சேப்பாங்க, அம்மா அவ்ளோ கறாரா இருப்பாங்களான்னு உங்களுக்குத்தான் தெரியும். வெரோனாலயும் பதுவைலயும் குதிரைக்கறி சர்வ சாதாரணம், மெனுல கவால்லோன்னு இருந்தா அது குதிரை, சாலட் மேல கூட நூல் நூலா தூவி வரும், ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க. அம்மாவுக்கு பயப்படாம வாங்கி குடுக்கக்கூடியது தக்காளி சாஸ் போட்ட காஞ்ச பாஸ்தா, வறுத்த காய்கறி, பொலெந்தாங்கிற மக்காச்சோள களி, சீஸ் இல்லாம மரினாரா பீட்சா. தயிர் சூப்பர்மார்க்கெட்ல எங்கயும் கிடைக்கும், ஹோட்டல் ரூம்ல ஒரு சின்ன ரைஸ் குக்கர் வெக்கிறவங்களும் இருக்காங்க, நான் எதுவும் சொல்லல.

ஆக உங்களுக்கு நான் போடுற வரிசை: முதல் நாள் மாந்துவா. ரெண்டாவது நாள் காலைல மட்டும் ஏரி, ரெண்டு மணிக்குள்ள திரும்பி வந்து தூங்கிட்டு ராத்திரி ஓபரா. மூணாவது நாள் விச்சென்சா இல்லேன்னா சும்மா வெரோனா. நாலாவது நாள் பதுவை, இல்ல வெனிஸ், ரெண்டுல ஒண்ணு. ரெண்டையும் ஒரே நாள்ல வெக்க சொல்லி யாராவது சொல்லுவாங்க, ஒரே ரயில் பாதைதான், உண்மைதான், அம்மா இல்லேன்னா நானும் சொல்லியிருப்பேன். முதல் நாள் திங்கட்கிழமையா விழுந்தா மாந்துவாவையும் பதுவையையும் மாத்திக்கோங்க. இன்னிக்கே உக்காந்து போட வேண்டிய புக்கிங் ஸ்க்ரோவெஞ்ஞி சாப்பல், அடுத்து மாந்தேஞா அறைக்கு நேரம், வெனிஸ்தான்னு முடிவு பண்ணா அந்த வேகமான ரயில். மத்த டிக்கெட் எல்லாம் அன்னன்னிக்கு காலைல அம்மா எழுந்து முட்டி எப்படி இருக்குன்னு சொன்னதுக்கு அப்புறம் வாங்கிக்கலாம், விலை ஏறாது. தேதி கிழமை முடிவானதும் இங்கயே போடுங்க, ரயில் நேரம் பாத்து சொல்றேன்.